அணைக்கட்டுப் பாதையில் ஒரு போத்தில் தண்ணீர்

தம்பி,

உன் கல்யாண அழைப்பிதழ் இரண்டு கிழமைக்கு முந்தி ஒரு செவ்வாய்க்கிழமை தபாலில் வந்தது. உறையில் என் பெயரும் ஹனோவர் முகவரியும் அச்சடித்து ஒட்டியிருந்தன, உன் கையெழுத்து இல்லை. மணமகளின் பெற்றோர் என்ற இடத்தில் இரண்டு பெயர். மணமகனின் பெற்றோர் என்ற இடத்தில் உன் அப்பாவின் பெயர் மட்டும், முன்னால் ‘அமரர்’ என்று போட்டு. செத்தவருக்கு இடம் இருக்கிறது, உயிரோடு இருக்கிறவளுக்கு இல்லை. எங்கே அடித்தால் எனக்கு நோகும் என்று உனக்குத் தெரியும், என் வயிற்றில் பிறந்தவன் அல்லவா. கார்டைக் குசினி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு மூன்று நாள் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். நாலாம் நாள்தான் அதைப் பிரட்டி அடியில் பேனாவால் எழுதியிருந்ததைப் பார்த்தேன். அவளுடைய எழுத்து, தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பழகிய உருண்டை எழுத்து. ‘அன்ரி, நீங்கள் தண்ணி கொண்டுவரத் தேவையில்லை. உங்களுக்கு நான் தருவன்.’

நீயும் அதை வாசித்திருப்பாய். கல்யாணத்துக்கு மலை ஏறி வரப்போகும் மாமியாரிடம் மருமகளுக்கு என்ன அக்கறை என்று உருகியும் இருப்பாய். அந்த இரண்டு வரியின் பொருள் எனக்கும் அவளுக்கும்தான் தெரியும். உனக்குப் பாதி தெரியும். மிச்சப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். சொன்ன பிறகு நீ என்னை அந்தக் கல்யாணத்துக்கு வர விடுவாயா என்று எனக்குத் தெரியாது.

இதை உனக்குத் தபாலில் போடாமல் தமிழ்ப் பள்ளிக்கூட ஆண்டுமலருக்குக் கொடுக்கிறேன். வருசா வருசம் “அக்கா, ஒரு பக்கம் எழுதித் தாங்கோ” என்று கேட்பார்கள். நானும் மோதகம் பிடிப்பது எப்படி, கோதுமை மாவில் புட்டு அவிப்பது எப்படி என்று எழுதிக் கொடுப்பேன். இந்த முறை இது. எங்கடை அழுக்கை ஏனம்மா ஊருக்கு முன்னால் கழுவுறீங்கள் என்று நீ கத்துவாய். அந்தப் பிள்ளையைப் பற்றி நான் கதைத்ததும் ஊருக்கு முன்னால்தான். கெடுத்தது வெளிச்சத்தில், அழுவது இருட்டிலா? உன் பெயரும் அவள் பெயரும் இதில் இல்லை. அவள் என்ன சாதி என்றும் எழுதமாட்டேன். அதை அறியத்தான் ஆவலாய் வாசிக்கிறவர்கள் இந்தப் பக்கத்தோடு நிறுத்திவிட்டுப் பழைய மலரில் மோதகத்தைத் தேடிப் படிக்கலாம்.

போன ஜூன் மாதம் நீ என்னை மயோர்க்காத் தீவுக்குக் கூட்டிக்கொண்டு போனாய். ஜெர்மன்காரருக்கு அது கடற்கரையும் பியரும். உனக்கும் அவளுக்கும் அது மலை. “அம்மா, மூண்டு பேரும் நடப்பம், நீங்கள் அவளோடை பழகலாம்” என்றாய். நடக்கிறதற்கு விமானம் ஏறிப் போவதை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் நீ வாங்கித் தந்த மலைச் சப்பாத்தைப் போட்டு, ஹனோவரில் கால்வாய்க் கரையில் ஒரு மாதம் நடந்து பழகினேன். பழகப் போகிறவள் யார் என்று தெரியவேண்டாமா? கெல்சென்கிர்ச்சன் நகரத்துப் பிள்ளை, பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிறாள், தகப்பன் பஸ் ஓட்டுகிறார், இவ்வளவும் நீ சொன்னது. நான் அறிய நினைத்ததை நீ சொல்லவில்லை. உனக்குத் தெரியவும் தெரியாது என்று நினைத்தேன். அந்த அளவுக்கு உன்னை வெள்ளையாய் வளர்த்துவிட்டேன் என்று எனக்குள் பெருமைப்பட்டுக்கொண்டே, அந்த வேலையை நானே பார்ப்போம் என்று பெட்டி கட்டினேன்.

முதல் இரண்டு நாளும் நல்ல நாட்கள், அதை இல்லை என்று சொல்லமாட்டேன். கல் அடுக்கிக் கட்டிய படிப்படியான ஒலிவ் தோட்டங்கள், கழுத்தில் மணி கட்டிய ஆடுகள், ஒரு பழைய மடாலயத்தின் முற்றத்தில் குடித்த தோடம்பழச் சாறு. அந்தப் பிள்ளை எனக்காக மெதுவாக நடந்தாள். நீ வழக்கம்போல் முன்னால் போனாய். உனக்கு ஒரு புத்தி சொல்கிறேன், கல்யாணம் கட்டப் போகிறவன் கேட்டுக்கொள். நீ எப்போதும் முன்னால் நடக்கிறவன். சின்ன வயதில் சுப்பர்மார்க்கெட்டுக்குள்ளும் அப்படித்தான். பின்னால் வருகிறவர்கள் சிரித்துக் கதைத்துக்கொண்டு வருகிறார்கள் என்று நீயே முடிவு கட்டிவிடுவாய். திரும்பிப் பார்க்கிற பழக்கம் உனக்கு இல்லை. அன்றைக்கு நீ மூன்று முறை திரும்பிப் பார்த்திருந்தால் இந்தக் கடிதம் இல்லை.

மூன்றாம் நாள் கூபர் நீர்த்தேக்கம். காரை அணைக்கட்டுக்குப் பக்கத்தில் விட்டோம். அவ்வளவு தண்ணீர், நாலு பக்கமும் மொட்டை மலை, ஒரு அலை இல்லை. குளிக்கக் கூடாது, இறங்கக் கூடாது, நகரம் குடிக்கிற தண்ணீர் என்று பலகை போட்டிருந்தது. பாதை ஒரு கொங்கிரீட் வாய்க்காலை ஒட்டிப் போய், ஓக் மரக் காட்டுக்குள் ஏறியது. முன்னொரு காலம் கரி சுட்டவர்களின் வட்டங்கள் மரங்களுக்கு இடையில் இன்னும் கிடந்தன. அந்தப் பிள்ளை ஒவ்வொன்றிலும் நின்று விளக்கம் சொன்னாள், ரீச்சர் அல்லவா. உச்சிக்குக் கிட்ட ஒரு பனிக்கிடங்கு. நிலத்தைத் தோண்டிச் சுற்றிவரக் கல்லால் கட்டிய பெரிய குழி. மாரியில் ஏழைகள் மலையேறிப் பனியை வாரி இதற்குள் கொட்டி, காலால் மிதித்து இறுக்கி, கோடையில் வெட்டிக் கோவேறு கழுதையில் ஏற்றி நகரத்துப் பணக்காரருக்குக் கொண்டுபோவார்களாம். “சுமந்த ஆக்கள் அதிலை ஒரு துண்டு வாயிலை வைச்சிருப்பினமோ தெரியாது அன்ரி” என்றாள். நான் என் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “அவனவன்ரை வேலையை அவனவன் செய்தால்தான் உலகம் ஓடும்” என்றேன். அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். அந்தப் பார்வையில்தான் எனக்கு முதல் சந்தேகம் தட்டியது.

அங்கிருந்து தொடங்கினேன். இதை வாசிக்கிற எங்கடை ஆக்களுக்கு அந்தக் கேள்விகளை நான் படிப்பிக்கத் தேவையில்லை, உனக்குத்தான் சொல்லவேண்டும். “அப்பான்ரை ஊர் எது பிள்ளை?” ஊரைச் சொன்னாள். “ஊரிலை எந்தப் பக்கம்?” சந்தியைச் சொன்னாள். “சந்தியிலை இருந்து கோயில் பக்கமோ, மற்றப் பக்கமோ?” நாங்கள் ஒருவரை ஒருவர் நேரே கேட்பதில்லை, தம்பி. அது மரியாதையில்லை. ஊர், குறிச்சி, கோயில், பள்ளிக்கூடம் என்று வெங்காயம் உரிக்கிறமாதிரி உரித்துக்கொண்டு போவோம், உரிபடுகிறவருக்குத்தான் கண் எரியும். ஜெர்மனியில் முப்பத்துநாலு வருசம் இருந்தும் அந்த வரைபடம் எனக்குள் ஒரு சந்து, ஒரு ஒழுங்கை குறையாமல் கிடக்கிறது. அவள் நடப்பதை நிறுத்தி, தடியை நிலத்தில் ஊன்றிக்கொண்டு சொன்னாள். “அன்ரி, நேரா கேளுங்கோ. நாங்கள் இன்ன ஆக்கள். இவருக்கு நான் போன வருசமே சொல்லிட்டன். அவருக்கு அது விளங்கேல்லை, பிறகு சிரிச்சவர்.” இரத்தம் என்ன வகை என்று கேட்டால் சொல்வதுபோல் சொன்னாள். நான் “அதுக்கென்ன பிள்ளை” என்றேன். அதுவரை அவளை ‘நீர்’ என்று கூப்பிட்டு வந்தவள், அந்த நிமிசத்தில் இருந்து ‘நீ’ என்று கூப்பிட்டேன். நான் யோசித்துச் செய்யவில்லை, நாக்கு தானாக இறங்கியது.

மத்தியானம் நிழலில் இருந்து சாப்பிட்டோம். நான் கட்டிக்கொண்டு வந்த புளிச்சாதப் பார்சலை உனக்குக் கையில் தந்தேன், அவளுக்குக் கல்லின்மேல் வைத்தேன். அவள் பாதாம் பருப்பை நீட்டினாள், பல்லு நோகுது என்றேன். அவள் தன் போத்திலை நீட்டினாள், தாகமில்லை என்றேன். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக் கிடந்தது. என் பைக்குள் ஒன்றரை லீற்றர் போத்தில் முழுசாக இருந்தது, அதை எடுத்தால் பகிரவேண்டி வரும் என்று எடுக்கவில்லை. நீங்கள் இருவரும் உங்களுடையதைக் குடித்து முடித்தீர்கள், கீழே ஊற்று ஒன்று இருக்கிறது, நிரப்பலாம் என்று. ஊற்றடிக்குப் போனால் அது வற்றிக் கிடந்தது, கல்லில் பாசியின் காய்ந்த தோல்தான் இருந்தது. நீ “நான் கெதியா இறங்கிப் போய்க் காரிலை இருக்கிற தண்ணியை எடுத்துக்கொண்டு வாறன், நீங்கள் ஆறுதலா வாங்கோ” என்று ஓடினாய். உன் முதுகு வளைவில் மறைந்தது. நானும் அவளும் வெயிலும்தான்.

இரண்டு மணி வெயில். அவளுக்கு முகம் சிவந்து, பிறகு சிவப்பும் போய் ஒரு மாதிரி வெளிறியது. “அன்ரி, தண்ணி கொஞ்சம் கிடக்கோ?” என்று கேட்டாள். கேட்க அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது நினைத்தது வேறு. போத்திலை எடுத்தேன், மூடியைத் திறந்தேன். அவள் கை நீட்டினாள். நான் போத்திலைக் கொடுக்கவில்லை. “கையை ஏந்து” என்றேன். அவள் இரண்டு கையையும் சேர்த்துக் குனிந்தாள். நான் ஒரு முழம் உயரத்தில் நின்று ஊற்றினேன். போத்தில் அவள் விரலில் முட்டாமல், துளி என்மேல் தெறிக்காமல். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, பார்த்துப் பழகினது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். நானோ அதை மத்தியதரைக் கடலுக்கு நடுவில் உள்ள மலைக்கும் காவிக்கொண்டு போயிருக்கிறேன். அவள் வாயைக் கைக்குக் கொண்டுபோனவள் நிமிர்ந்து என் கையைப் பார்த்தாள், போத்திலைப் பார்த்தாள், இடையில் இருந்த தூரத்தைப் பார்த்தாள். பிறகு கையை விரித்தாள். அவ்வளவு தண்ணீரும் புழுதியில் கொட்டியது. “இப்பிடித்தான் ஊத்துவினம் எண்டு அம்மா சொல்லியிருக்கிறா, அன்ரி. நான் நம்பேல்லை” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சரித்திரப் புத்தகத்தில் படித்த இடத்தை நேரே வந்து பார்த்தவள்போல் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் முன்னால் நடந்தாள், நான் பின்னால் நடந்தேன். இந்தக் கிழவிக்கு எதிரில் தளர்ந்து காட்டக்கூடாது என்ற வைராக்கியம் அவளுடைய முதுகில் தெரிந்தது. எனக்கும் வைராக்கியம்தான், இன்னொரு முறை நீட்டுவதில்லை என்று. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு போத்தில் தண்ணீர் என் பைக்குள் குலுங்கிக்கொண்டே வந்தது. அந்தச் சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும். கடைசி இறக்கத்தில் நீர்த்தேக்கம் முழுசாகக் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் தடி ஒரு பக்கம் போக அவள் ஒரு பக்கம் விழுந்தாள். வாந்தி எடுத்தாள். கண் மேலே சொருகியது. இதுவரை உனக்குத் தெரியும், அவள் சொல்லியிருப்பாள். இனி வருவது உனக்குத் தெரியாது.

ஒரு ஜெர்மன் கணவனும் மனைவியும் கீழிருந்து ஏறி வந்தார்கள். அந்த மனுசி ஓடிவந்து பிள்ளையின் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டாள், உங்களிடம் தண்ணீர் இல்லையா என்று. நான் “நைன்” என்றேன். முதுகில் ஒரு லீற்றருக்கு மேல் தண்ணீரை வைத்துக்கொண்டு இல்லை என்றேன். ஓம் என்றால் என் போத்திலை அவளுடைய வாயில் வைக்கவேண்டும், அது ஒன்று. இவ்வளவு நேரமும் வைத்துக்கொண்டா கொடுக்காமல் வந்தாய் என்று அந்த வெள்ளைக்காரி நினைப்பாள், அது மற்றது. இரண்டில் எது பெரிது என்று கேட்காதே, எனக்கே தெரியாது. அந்த மனுசி தன் போத்திலை அவள் வாயில் வைத்துப் பருக்கினாள். வாந்தி வழிந்த வாய். துடைத்துவிட்டு மறுபடியும் பருக்கினாள், மிச்சத்தில் தானும் ஒரு வாய் குடித்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ மூச்சு வாங்க ஓடி வந்து, “அம்மா, எப்பிடி விழுந்தவ?” என்று கத்தினாய். வெயில் என்றேன். அம்புலன்ஸ் வந்தபோது அந்தப் போத்திலைப் பைக்கு அடியில் அழுத்திவிட்டு ஏறினேன். ஆஸ்பத்திரிக் கழிவறையில் அதைக் கவிழ்த்து ஊற்றினேன். அந்தத் தண்ணீர் சூடாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சேலைன் ஏறிக்கொண்டிருக்க, நான் நடைபாதையில் நின்று ரொறன்ரோவில் இருக்கிற உன் பெரியம்மாவுக்கு ரெலிபோன் எடுத்தேன். பிள்ளைக்குச் சுகமில்லை என்று சொல்லத்தான் எடுத்தேன் என்று எழுதினால் அது பச்சைப் பொய். “அக்கா, ஆள் ஆர் எண்டு கண்டுபிடிச்சிட்டன்” என்பதுதான் என் முதல் வசனம். அக்கா நாலு நாளில் லண்டனுக்கும் பாரிசுக்கும் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தா. நுணலும் தன் வாயால் கெடும். சுற்றிச் சுற்றி அது கெல்சென்கிர்ச்சனுக்கு அந்தப் பிள்ளையின் வீட்டு வாசலுக்கே போனது. இரண்டாம் நாள் அவள் கட்டிலில் இருந்தபடி உனக்குக் கையில் ஊற்றின கதையைச் சொல்லியிருக்கிறாள். நீ வெளியே வந்து என் முன்னால் நின்றாய். நீ கத்துவாய் என்று நினைத்தேன். “ஏனம்மா போத்திலைக் குடுக்கேல்லை?” என்று மட்டும் கேட்டாய். “போத்தில் என்ரை” என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன கேவலமான இரண்டு சொல் அதுதான்.

அப்போது நீ அந்த ஜெர்மன் கிழவியின் கதையை எடுத்தாய். சின்ன வயதில் நீ சாப்பிட மறுத்தால் நான் சொல்லிச் சொல்லி ஊட்டின கதை. முதியோர் இல்லத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருசம், ஒரு ஜெர்மன் கிழவி என் கையால் சூப் குடிக்கமாட்டேன் என்று கரண்டியைத் தட்டிவிட்டாள். இந்தக் கறுத்தக் கையை என் வாய்க்குக் கிட்டக் கொண்டுவராதே என்றாள். நான் கழிவறையில் நின்று அழுதுவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு வந்து அவளுக்கு ஊட்டினேன். பிறகு அவள் சாகும்வரை நான்தான் கழுவித் துடைத்தேன். இந்தக் கதையை நான் எத்தனை வீட்டில் சொல்லியிருப்பேன், எத்தனை பேர் “பாவம் அக்கா” என்றிருப்பார்கள். நீ அந்த நடைபாதையில் நின்று, “அந்தக் கிழவி நீங்கள்தானம்மா” என்றாய். சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாய். அறையைவிட்டு வெளியே வந்து என் விமானச் சீட்டைக் கையில் தந்தாய், நான் தனியே ஹனோவருக்கு வந்தேன். நீ சொன்னது சரி. ஒரு சின்னத் திருத்தம்தான் இருக்கிறது. அந்தக் கிழவிக்கு முன்னால் நான் பசியோடு நிற்கவில்லை, இந்தப் பிள்ளை என் முன்னால் தாகத்தோடு நின்றாள்.

உன் அப்பா இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நடந்துதான் இருக்கும், ஆனால் அவர் உன்னைப்போல் முன்னால் போயிருக்கமாட்டார். நீ என் வயிற்றில் இருந்தபோது நாங்கள் அகதிகள் விடுதியில் இருந்தோம். எனக்கு ஒன்றும் வயிற்றில் தங்காது. அடுத்த அறையில் இருந்த ஒரு அண்ணை இஞ்சி தட்டிப் போட்டுக் கஞ்சி காய்ச்சி அனுப்பினார். அவர் என்ன ஆக்கள் என்று எனக்குத் தெரியும். அப்பா அங்கால் திரும்பியதும் கஞ்சியைக் கழுவு தொட்டிக்குள் ஊற்றிவிட்டுக் கோப்பையைக் கழுவிக் கொடுத்தேன், நல்ல ருசி அண்ணை என்று சொல்லி. அப்பா தொட்டியில் இஞ்சித் துண்டைக் கண்டுவிட்டார். நாலு நாள் என்னோடு கதைக்கவில்லை. ஐந்தாம் நாள், “பிள்ளைக்கு வந்த கஞ்சியை ஊத்தினனி, அதை மட்டும் மறந்திடாதை” என்றார். உனக்கு வந்த கஞ்சியைத் தொட்டியில் ஊற்றினவள், உனக்கு வந்தவளுக்குப் போத்திலைக் கொடுக்காமல் விட்டேன். நான் ஆரம்பத்தில் இருந்தே ஒரே மாதிரித்தான்.

ஒரு மாதம் கழித்து அந்தப் பிள்ளையின் தாய் எனக்கு எடுத்தா. நான் ஏச்சுக்குத் தயாராகக் கதிரையில் இருந்துகொண்டேன். “அக்கா, நான் உங்களை ஏச எடுக்கேல்லை. உங்கடை மகன் இப்ப எங்கடை வீட்டிலைதான் நிக்கிறார். நான் சமைச்சதைத்தான் சாப்பிடுறார். என்ரை மனுசன்ரை போத்திலிலைதான் தண்ணி குடிக்கிறார். ஆள் கொஞ்சம் உடம்பு வைச்சிருக்கிறார். உங்களுக்குத் தெரியட்டும் எண்டு எடுத்தனான்.” வைத்துவிட்டா. இவ்வளவு வருசத்தில் ஒருவரும் என்னை இவ்வளவு மரியாதையாக வெட்டினதில்லை. உனக்கு நான் செய்து அனுப்பின பருத்தித்துறை வடைப் பெட்டி அதற்கு முந்தின கிழமைதான் திரும்பி வந்திருந்தது, பிரிக்காமல்.

இப்போது அந்த இரண்டு வரிக்கு வருகிறேன். ‘தண்ணி கொண்டுவரத் தேவையில்லை.’ அவள் மயங்கிக் கிடந்தாள் என்றுதான் ஏழு மாதமும் நினைத்திருந்தேன். கார்டைப் பிரட்டின அன்று விளங்கியது, அவளுக்கு என் ‘நைன்’ கேட்டிருக்கிறது. கொண்டுவந்து வைத்துக்கொண்டே இல்லை என்றவளுக்குத்தான் ‘கொண்டுவரத் தேவையில்லை’ என்று எழுதத் தோன்றும். தன் தலைக்கு மேல் ஒரு கிழவி நின்று இல்லை என்று சொன்னதையும், அந்தக் கிழவியின் முதுகுப் பையில் தண்ணீர் குலுங்கினதையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்திருக்கிறாள். உனக்கு அதை அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் பெயருக்கு ஒரு கார்டே வந்திருக்காது. அது இரக்கமா, கத்தியை உறைக்குள் வைத்திருப்பதா என்று யோசித்து யோசித்து எனக்கு நித்திரை இல்லை. அவளிடம் அந்த ஒரு சொல் இருக்கும்வரை நான் உங்கள் வீட்டில் வாயைத் திறக்கமுடியாது. ஆகவே நானே சொல்லிவிட்டேன். பார், இதிலும் என் சுயநலம்தான். மன்னிப்புக் கேட்கிறபோதும் யாருக்கும் கீழே நிற்காமல் கேட்கத்தான் எனக்குத் தெரியும்.

வருகிற மே மாதம் அந்த அணைக்கட்டில் இருந்து அந்தப் பனிக்கிடங்குவரை எல்லோரும் நடந்துபோய், அங்கே தாலி கட்டப் போகிறீர்கள் என்று கார்ட் சொல்கிறது. நான் அவளுக்கு எடுத்தேன். ரெலிபோன் ஏழாவது தடவை அடித்தபோதுதான் எடுத்தாள். எப்பிடித் தருவாய் பிள்ளை என்று கேட்டேன். “கையிலைதான் அன்ரி. போத்தில் தரமாட்டன். அந்த ஊற்றடியிலை, எல்லாருக்கும் முன்னாலை. ஏலுமெண்டா வாங்கோ.” அழவைப்பதற்காகச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் தாய் தகப்பனுக்கு டெர்மீன், வந்து சந்திக்கிற நேரம், கொடுக்கிறமாதிரிச் சொன்னாள். நீ அவளை மென்மையான பிள்ளை என்று நினைத்துக் கட்டப் போகிறாய். இல்லை, தம்பி. எனக்கு ஏற்ற மருமகள்.

நான் மாறிவிட்டேன் என்று எழுதினால் எல்லோரும் சந்தோசப்படுவார்கள். மாறவில்லை. அவள் கையால் குடிக்கவேண்டும் என்று நினைக்கிறபோது இப்பவும் கையைச் சட்டையில் துடைத்துக்கொள்கிறேன். அது வெட்கம் இல்லை, அந்தப் பழைய சாமான்தான். அறுபத்துமூன்று வயதில் அதைப் பிடுங்கி எறிய எனக்குத் தெரியாது. குடிக்கத் தெரியும், அதைத்தான் செய்யப் போகிறேன். இதை எல்லாம் வாசித்த பிறகு, வராதேங்கோ என்று நீ ஒரு செய்தி போட்டால் அதற்கும் நான் சண்டை பிடிக்கமாட்டேன்.

இந்த ஒரு கிழமையாகக் குசினிக் குழாயைத் திறந்துவிட்டுப் பழகுகிறேன். உனக்குச் சிரிப்பு வரும். இரண்டு கையையும் சேர்த்து, பத்து விரலையும் ஒட்டிப் பிடித்தாலும் சின்ன விரலுக்கு அடியால் ஒழுகுகிறது. சட்டைக் கை நனைகிறது. வாய்க்குக் கொண்டுபோகிற நேரத்தில் பாதிதான் மிஞ்சுகிறது, அதையும் குனிந்து நாய்போல் உறிஞ்சவேண்டியிருக்கிறது. குனிந்தால் மேலே ஒன்றும் தெரியாது. ஊற்றுகிறவள் எப்போது நிறுத்துவாள் என்று குனிந்திருக்கிறவளுக்குத் தெரியாது. எத்தனையோ தடவை நான் பார்த்துக்கொண்டு நின்ற காரியம், ஒரு தடவைகூட கீழேயிருந்து பார்த்ததில்லை. குழாயை நான் நினைத்த நேரம் பூட்டலாம். மே மாதம் அது என் கையில் இல்லை.

நீ மறிக்காவிட்டால் வருவேன். தொப்பி கொண்டுவருவேன், முழங்காலுக்குப் பட்டி கொண்டுவருவேன், புளிச்சாதம் கட்டிக்கொண்டு வருவேன், விருப்பமானவர்கள் என் கையால் வாங்கட்டும், மற்றவர்கள் கல்லில் வைத்துவிட்டுப் போகட்டும். போத்தில் கொண்டுவரமாட்டேன்.

அம்மா